கொடைக்கு வருகிறவர்கள்: நாஞ்சில் நாட்டுக் கலைகளும் ஊர்விட்டுப் போன மக்களும்

நாஞ்சில் நாட்டுக்காரர் ஒருவரை மும்பையிலோ மஸ்கட்டிலோ பார்த்து, "அடுத்து ஊருக்கு எப்போ?" என்று கேட்டால் தேதி சொல்லமாட்டார். "கொடைக்கு" என்பார், ஊர்க்கோயில் திருவிழாவுக்கு என்று பொருள். கடற்கரைக்காரர் "திருநாளுக்கு" என்பார். கோட்டாற்றுக்காரருக்குச் சவேரியார் கோயில் திருவிழா. கொல்லங்கோட்டுக்காரருக்குப் பத்திரகாளி கோயில் தூக்கத் திருவிழா. ஊரை விட்டுப் போனவர்கள் ஊருக்கு வரும் நாளை, ஊரில் மேளம் அடிக்கும் நாளை வைத்தே கணக்குப் பார்க்கிறார்கள்.

இம்மாவட்டத்துக் கலைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பொதுவாக இரண்டு கட்சி. வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் தோல்பாவையும் அழிந்துகொண்டே போகின்றன, படித்த பிள்ளைகள் வெளியூர் போனதே காரணம் என்பது ஒரு கட்சி. வெளிநாட்டுப் பணம் வந்தபிறகுதான் கோயில்கள் புதுக்கட்டடம் கண்டன, கொடைகள் பெரிதாயின, கலைஞருக்கும் வேலை கூடியது என்பது இன்னொரு கட்சி. இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. ஆனால் இரண்டு கட்சியும் எல்லாக் கலைகளையும் ஒரே கணக்கில் எழுதிவிடுகின்றன. இவற்றுள் சில ஊர் தாண்டி உலகம் முழுக்கப் போயின. சில ஓரடிகூட நகரவில்லை, அப்படியும் சாகவில்லை. வேறு சில போகவும் இல்லை, இருந்த இடத்தில் தழைக்கவும் இல்லை. இந்த வேறுபாடு எதனால் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

நிலமும் நடமாட்டமும்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதுவரை அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூரின் தென்கோடி. பழைய கணக்கில் நாஞ்சில் நாடு என்பது அகஸ்தீஸ்வரமும் தோவாளையும்தான். வயலும் குளமும் நிறைந்த கிழக்குப் பகுதி. பேச்சு வழக்கில் இன்று மாவட்டம் முழுவதற்கும் அந்தப் பெயரைச் சொல்லிவிடுகிறோம்.

வெளியே போவது இங்கே புதுப் பழக்கமில்லை. அரசு உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்கும் திருவனந்தபுரம் போனார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெற்குத் திருவிதாங்கூரிலிருந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள் உண்டு; பர்மாவுக்குப் போனவர்களும் உண்டு. பிறகு பம்பாய். எழுபதுகளுக்குப் பிறகு வளைகுடா. தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் கொச்சியிலிருந்து கடலேறி, வாரக்கணக்கில் தண்ணீரிலேயே கிடந்து, கிறிஸ்துமஸை ஒட்டிக் கரை திரும்புவது வழக்கம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அவர்களைப் பிடித்தது அந்தப் பயணத்தின் நடுவில்தான். அந்த ஆண்டு கடற்கரை ஊர்களில் கிறிஸ்துமஸ் களை இழந்தது.

இந்தப் போக்குவரத்தில் ஒரு நுட்பம் உண்டு. குடும்பத்தோடு குடியேறப் போனவர்கள் வேறு, விசாவுக்குக் கட்டுப்பட்டு வேலைக்குப் போனவர்கள் வேறு. குடியேறப் போகிறவர் குலதெய்வக் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப்போய்ப் புது ஊரில் சாமிக்கு நிலையம் போடுவது தென்தமிழகத்தின் பழைய வழக்கம். சுடலைமாடன் பல ஊர்களுக்குப் பரவியது அப்படித்தான். வளைகுடாவுக்குப் போகிறவர் பிடிமண் எடுத்துப் போவதில்லை. அங்கே நிலையம் போட இடமும் கிடையாது, அந்த ஊரில் நிலைக்கப்போகிறோம் என்ற எண்ணமும் கிடையாது. சாமியை ஊரில் விட்டுவிட்டுத்தான் அவர் விமானம் ஏறுகிறார். ஆகவே சாமிக்கான கலையும் ஊரிலேயே நின்றுவிடுகிறது.

வில் ஏன் நகரவில்லை

வில்லுப்பாட்டின் அமைப்பைப் பார்த்தாலே காரணம் பாதி விளங்கும். பத்தடிக்கு மேல் நீளமுள்ள வில், அதில் வரிசையாகக் கட்டிய மணிகள், நாணைத் தட்ட வீசுகோல். வில்லோடு சேர்த்துக் கட்டிய மண்குடம். உடுக்கை, ஜால்ரா, கட்டை. நடுவில் கதை பாடும் அண்ணாவி. கூடப் பாட வலம்பாடி, இடம்பாடி. இத்தனையையும் ஒரு வேனில் ஏற்றி எங்கும் கொண்டுபோய்விடலாம். கொண்டுபோக முடியாதது நேரம்.

அம்மன் கோயிலிலோ மாடன் கோயிலிலோ கொடை குடியழைப்போடு தொடங்கும். பிறகு மதியக்கொடை, நடுச்சாமக்கொடை, மறுநாள் மஞ்சள் நீராட்டு. எந்தக் கதை எந்த நேரத்தில் வரவேண்டும் என்பதற்கு ஒழுங்கு உண்டு. கதையில் தெய்வத்தின் சாவு வரும் கட்டத்தில் அண்ணாவியின் குரல் ஏறும், உடுக்கை வேகம் பிடிக்கும், எதிரே நிற்கும் சாமியாடியின் உடம்பில் அருள் வரும். அந்தப் பாட்டுக்கு வரத்துப்பாட்டு என்றே பெயர். அருள் வராவிட்டால் அண்ணாவி அதே அடிகளைத் திரும்பத் திரும்பப் பாடுவார். கதை கேட்கும் கூட்டம் மட்டும் இருந்தால் போதாது. சாமியாடி வேண்டும், பீடம் வேண்டும், படைப்பு வேண்டும்.

எழுபதுகளில் நாகர்கோவில் பக்கம் தங்கி வில்லுப்பாட்டை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-இல் அதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வில்லுக்கதைகளை அவர் இரண்டாகப் பிரித்தார்: பிறப்புக் கதைகள், சாவுக் கதைகள். தெய்வமாகவே பிறந்தவர்களின் கதை முதல் வகை. அநியாயமாகக் கொலையுண்டு தெய்வமான மனிதரின் கதை இரண்டாம் வகை. அருள் வருவது பெரும்பாலும் இரண்டாம் வகையில்தான். இந்திய வாய்மொழிக் காப்பியங்களைப் பற்றி அவர் பிறகு சொன்ன ஒன்று நம் கேள்விக்கு நேரடியாக உதவுகிறது. ஒரு வட்டாரத்துக்குள் நிற்கும் கதையில் சாவுதான் மையம். கதை வட்டாரம் தாண்டிப் பரவப் பரவ, நாயகனுக்கு ஒரு தெய்வப்பிறப்பு வந்து ஒட்டிக்கொள்ளும், சாவின் முக்கியம் குறையும்.

இதைச் சோதித்துப் பார்க்க நம் பக்கத்துக் கதைகளே போதும். 1635-இல் திருமலை நாயக்கரின் படையோடு நடந்த கணியாகுளம் போரில் வேணாட்டுத் தளபதி இரவிக்குட்டிப் பிள்ளை வெட்டுண்டு மாண்ட கதையைக் கேட்க, கணியாகுளம் எங்கே இருக்கிறது என்று தெரிந்த காது வேண்டும். பார்வதிபுரம் பக்கத்தில் இன்றும் அந்த ஊர் இருக்கிறது. தினமும் பஸ்ஸில் போகிறவனுக்கு அது தன் ஊர்க் கதை. துபாயில் பிறந்து வளர்ந்த பையனுக்கு அது ஏதோ ஒரு சண்டை. இசக்கியம்மனாகக் கும்பிடப்படும் நீலியின் கதையும் அப்படியே. கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் ஏந்திவந்து பழிவாங்கும் அவள் கதைக்கு முப்பந்தல்தான் இடம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் இன்று காற்றாலைகள் சுற்றும் அதே சாலையோரம் அவளுக்குக் கோயில் இருக்கிறது. லாரிக்காரர்கள் இறங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள். இடம் கண்ணெதிரே இருப்பதால் கதைக்குப் பயம் இருக்கிறது. இடத்திலிருந்து பிரித்தால் பயம் கழன்றுவிடும், பாட்டு மட்டும் மிஞ்சும்.

கணியான் கூத்து இன்னும் கறாரானது. மகுடம் அடித்து, ஆண்கள் பெண்வேடமிட்டு ஆடி, சுடலைமாடனுக்குக் கையைக் கீறி இரத்தம் கொடுக்கும் சடங்கோடு இணைந்தது அது. மேடையில் மகுடம் அடித்துக் காட்டலாம். கைவெட்டை மேடையேற்ற முடியாது. கொல்லங்கோடு பத்திரகாளி கோயிலில் பங்குனி மாதத்துப் பரணியில் நடக்கும் தூக்கமும் அப்படித்தான். தேர்வண்டியின் நீண்ட மரத்தில் தூக்கக்காரர் தொங்க, அவர் கையில் குழந்தை. வண்டி கோயிலைச் சுற்றிவரும். குழந்தைக்கு நேர்ந்துகொண்டவர் எந்த நாட்டில் இருந்தாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கேதான் வந்தாக வேண்டும்.

பட்டணம் போன வில்

வில் நகரவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன் வில்லுப்பாட்டுக்காரராகத் தொடங்கியவர். டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழு வழியாக 1936-இல் வெளிவந்த 'சதி லீலாவதி' படத்துக்குப் போனார், கலைவாணர் ஆனார். ஊர் வில்லில் அண்ணாவி ஒரு வரி சொல்ல, பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போட்டுக் குறுக்குக் கேள்வி கேட்டு, அதை அண்ணாவி சிரிப்பாக்கி, சிரிப்பிலிருந்து மறுபடி கதைக்கு வரும் முறை உண்டு. கலைவாணரின் நகைச்சுவையை உற்றுப் பார்த்தால் அந்த நடையின் சாயல் தெரியும். 'நல்லதம்பி' படத்தில் அவர் செய்த கிந்தனார் கதாகாலட்சேபம் பழைய வடிவத்தில் புதுச் சரக்கை ஏற்றும் வித்தை.

அவரிடம் சேர்ந்து வளர்ந்தவர் நெல்லைப் பக்கத்துச் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம். வில்லைச் சென்னையின் சபாக்களுக்கும் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுபோனார். 2021-இல் பத்மஸ்ரீ பெற்று 2022-இல் மறைந்தார். காந்தி மகான் கதையை வில்லில் பாடிப் பேர்பெற்ற கொத்தமங்கலம் சுப்புவையும் இந்த வரிசையில் வைக்க வேண்டும்.

இவர்கள் கொண்டுபோன வில்லில் அருள் வரவில்லை. வரவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. ஒரு ராத்திரி முழுக்க நீண்ட கதை இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கியது. சுடலைமாடன் இருந்த இடத்தில் காந்தியும் குடும்பக் கட்டுப்பாடும் சிறுசேமிப்பும் வந்தன. இதைக் கலப்படம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அந்தக் குறை நியாயமில்லை. கோயிலை விட்டு வெளியே வந்த வில்லுக்கு வேறு வேலை கொடுத்து, அந்த வேலையில் திறமையும் காட்டினார்கள். ஆனால் இந்தப் பட்டணத்து வில்லின் புகழ், ஊரில் கொடைக்குப் பாடும் அண்ணாவியின் வீட்டு அடுப்பை எரிக்கவில்லை என்பதும் உண்மை. கொட்டாரம் பக்கத்துப் பூங்கனி அம்மாள் சிறுமியாகவே வில்லுமேடை ஏறி, பெண்கள் அதிகம் இல்லாத துறையில் தலைமைப் பாடகியாக விளங்கியவர். கணவர் அவருக்குக் குடம் அடித்தார். 2018-இல் அவர் மறைந்தபோது, கடைசிக் காலத்தை வறுமையில் கழித்தவராகத்தான் செய்தித்தாள்கள் அவரை நினைவுகூர்ந்தன.

சாமியே புறப்பட்டால்

சாமி நகராததால் கலை நகரவில்லை என்பது சரியானால், சாமி நகர்ந்த இடத்தில் கலையும் நகர்ந்திருக்க வேண்டும். அதற்கு நல்ல சாட்சி ஒன்று ஆண்டுதோறும் நம் சாலையிலேயே நடந்து போகிறது.

திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து 1795-இல் திருவனந்தபுரத்துக்கு மாறியது. அரசர் போனார், நவராத்திரிப் பூஜை தொடர வேண்டுமே? பத்மநாபபுரம் அரண்மனையின் தேவாரக்கெட்டுச் சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை ஆகிய மூவரும் ஒவ்வொரு நவராத்திரிக்கும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும் வழக்கம் வந்தது. சரஸ்வதி யானைமீது, நங்கை பல்லக்கில். மன்னரின் உடைவாள் கைமாறும் சடங்கு முடிந்து ஊர்வலம் கிளம்பும். குழித்துறையில் ஓர் இரவு, நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு. களியக்காவிளையில் கேரளத்தார் வரவேற்பார்கள்; இரு மாநிலக் காவலர்களும் மரியாதை செய்வார்கள். மாநில எல்லை 1956-இல் வந்தது. சாமிகள் அதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

திருவனந்தபுரம் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் சரஸ்வதி அமர்ந்ததும் ஒன்பது நாள் கச்சேரி. சுவாதித் திருநாள் இந்த ஒன்பது நாளுக்கென்றே இயற்றிய கீர்த்தனைகள் நாளுக்கு ஒன்றாக முதன்மை பெறும். கேட்கிறவர்கள் கைதட்டக் கூடாது. இங்கே பாடுவதைக் கர்நாடக வித்வான்கள் பெரும் கௌரவமாக நினைக்கிறார்கள். பெண்கள் பாடக் கூடாது என்றிருந்த வழக்கம் 2006-இல் பாறசாலை பொன்னம்மாள் பாடியதோடு உடைந்தது. நவராத்திரி முடிந்ததும் மூன்று சாமிகளும் ஊருக்குத் திரும்பி வந்துவிடும். அரண்மனைக்குச் சாமியை ஊர்வலமாக எடுத்துச்செல்ல வசதியும் ஆளும் இருந்தன. கொடை கழிக்கும் சாதாரணக் குடும்பத்துக்கு அது ஆகாது. அந்தக் குடும்பம் செய்யக்கூடியது ஊருக்கு வந்து போவதுதான்.

நாள் இல்லாத கலை

தோல்பாவைக்கூத்தின் நிலை இதற்கு மறுபக்கத்தைக் காட்டுகிறது. மராத்தி பேசும் மண்டிகர் சமூகத்தார் வளர்த்த கலை இது. ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, உருவம் வெட்டி, சாயம் தீட்டி, வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கொளியில் ஆட்டுவார்கள். ஒரே ஆள் அத்தனை பாத்திரத்துக்கும் குரல் கொடுப்பார். பாவையை ஆட்டுவதும் அவரே. இராமாயணத்தைப் பத்து நாள் ஆடுவார்கள். நடுவில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து ஊர் வம்பு பேசிச் சிரிக்க வைப்பார்கள். இராமனுக்கு வந்த கூட்டத்தைவிட இந்த இருவருக்காக வந்த கூட்டமே பெரிது என்பார்கள்.

ஊர் ஊராகப் போய்க் கூடாரம் போட்டு, டிக்கெட் வாங்கி ஆடிய தொழில். பெரும்பாலும் எந்தக் கோயிலின் கொடையிலும் அதற்குக் கட்டாய இடம் இருக்கவில்லை. பார்க்கிற ஆள் இருந்தால் கூத்து. இல்லாவிட்டால் அடுத்த ஊர். சினிமாக் கொட்டகை வந்தது, பிறகு வீட்டுக்குள் டிவி வந்தது. அடுத்த ஊர் என்று ஒன்று இல்லாமல் போனது. இன்று அது பள்ளிக்கூடங்களிலும் பண்பாட்டு விழாக்களிலும் அரசு விழிப்புணர்வு நிகழ்ச்சிகளிலும் ஒருமணி நேரமாக மிஞ்சியிருக்கிறது. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் அ.கா. பெருமாள் இக்கலைஞர்களோடு நெடுங்காலம் பழகிப் பதிவு செய்திருக்காவிட்டால் நமக்கு இவ்வளவுகூடத் தெரிந்திருக்காது.

வில்லையும் தோல்பாவையையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று துலங்கும். கலையழகிலோ உழைப்பிலோ தோல்பாவை குறைந்ததில்லை. அதற்கு நாட்காட்டியில் ஒரு நாள் இல்லை, அந்த நாளுக்காகக் கடல் தாண்டி வருகிற ஆள் இல்லை. வெளிநாட்டுப் பணம் கொடை வழியாகத்தான் கலைக்குள் வருகிறது. கொடையில் இடம் இல்லாத கலைக்கு அந்த வாய்க்காலில் தண்ணீர் இல்லை.

கையில் எடுத்துப்போக முடிந்தவை

இங்கிருந்து உண்மையில் உலகமெங்கும் போனது வடசேரி நகை. கனடாவிலோ லண்டனிலோ சிட்னியிலோ ஒரு தமிழ்ப் பெண் அரங்கேற்றத்துக்குத் தலைச்சாமான் அணியும்போது, அந்த நெற்றிச்சுட்டி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, ராக்கொடி, மாட்டல், ஒட்டியாணம் எல்லாவற்றுக்கும் மூலம் நாகர்கோவில் வடசேரியின் சிறு பட்டறைகள்தாம். வெள்ளியில் வடிவம் கட்டி, குழிகளில் அரக்கு நிரப்பி, சிவப்புக் கெம்புக்கல் பதித்து, கல்லைச் சுற்றித் தங்கரேக்கை அழுத்தி ஒட்டுவார்கள். கோயில் விக்கிரகத்துக்குச் செய்த நகை, கோயிலில் ஆடிய பெண்களுக்கு வந்து, பிறகு மேடையில் ஆடுகிறவர்களுக்கும் வந்தது. புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் அச்சில் வார்த்த மலிவு நகை சந்தையை நிறைத்துவிட்டது. வெளிநாட்டில் வாங்குகிறவர்களில் பலர் அதைத்தான் வாங்குகிறார்கள். அரக்கு வேலை தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

தோவாளை மாணிக்கமாலைக்கும் 2025-இல் அந்தக் குறியீடு வந்தது. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, பச்சை நொச்சி இலை மூன்றையும் மடித்து அடுக்கிக் கட்டினால், பின்னிய பாய்போலத் தட்டையாக, மாணிக்கம் பதித்த மாதிரி மாலை வரும். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்குப் போய்க்கொண்டிருந்த மாலை இன்று கல்யாண மேடைக்கும் வெளிமாநிலத்துக்கும் போகிறது. பூவாக இருந்தாலும் அது பொருள். சாமி இல்லாத இடத்திலும் அதற்கு மதிப்பு உண்டு. 2023-இல் குறியீடு பெற்ற மட்டிப்பழத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கனிந்தால் நிற்காது, ஊருக்கு வந்துதான் தின்ன வேண்டும்.

பொருளுக்கு அடுத்தபடி நன்றாகப் பயணம் செய்தது எழுத்து. வீரநாராயணமங்கலத்தில் 1947-இல் பிறந்த நாஞ்சில்நாடன் வேலைக்கு மும்பை போனார். 'தலைகீழ் விகிதங்கள்' அங்கே இருந்த காலத்தில் வந்த நாவல். வேலை தேடி அலையும் இளைஞனின் கதையாக 'மிதவை' வந்தது. ஊர்ப்பெயரையே தன் பெயராக்கிக்கொண்டவர், அதிகம் எழுதியது தொலைவில் இருந்தபடிதான். இரணியல் செட்டித்தெரு வாழ்க்கையைத் 'தலைமுறைகள்' நாவலில் எழுதிய நீல. பத்மநாபன் வாழ்ந்தது திருவனந்தபுரத்தில். பனையேறிகளின் வாழ்க்கையைப் 'புத்தம் வீடு' (1964) ஆக்கிய ஹெப்சிபா ஜேசுதாசன் பர்மாவில் வளர்ந்தவர். அந்த பர்மா வாழ்க்கையை 'மா-னீ'யில் எழுதினார். தேங்காய்ப்பட்டினத்துத் தோப்பில் முகமது மீரான் கடலோர முஸ்லிம்களின் பேச்சைத் தமிழுக்குப் புதிதாகக் கொண்டுவந்தார். சுந்தர ராமசாமி நாகர்கோவிலை விட்டு அதிகம் நகராமல் 'ஒரு புளியமரத்தின் கதை'யை எழுதினார். நாவல் பல மொழிகளுக்குப் போனது. இந்தச் சின்ன மாவட்டத்தில் இத்தனை எழுத்தாளர்கள் எப்படி என்று அடிக்கடி கேட்பார்கள். இரண்டு மொழி, மூன்று மதம், நெடுங்கால அரச நிர்வாகம், மிஷன் பள்ளிக்கூடம் என்று பல காரணம் சொல்லலாம். வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த காது என்பதையும் சேர்க்க வேண்டும். ராத்திரி முழுக்க ஒரு கதையை இழுத்துச் சொல்ல முடியும் என்பதைச் சிறுவயதிலேயே கண்ட தலைமுறை அது.

பாதிரியார் இருந்தால் போதும்

கிறிஸ்தவர்களின் கலை வாழ்க்கை இந்தக் கணக்கைச் சற்றே மாற்றுகிறது. 1806-இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததிலிருந்து தொடங்கும் சீர்திருத்தச் சபைகளும், கடற்கரையிலும் கோட்டாற்றிலும் அதற்கு முன்பே வேரூன்றிய கத்தோலிக்கமும் தனித்தனி இசை மரபை வளர்த்தன. ஞானப்பாட்டும் கீர்த்தனையும் பாடகர் குழுவும் எளிதாகப் பயணம் செய்கின்றன. ஆராதனை நடத்த ஒரு கூடமும் போதகரும் இருந்தால் துபாயிலும் பஹ்ரைனிலும் அதே பாட்டு, அதே ராகம். கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் குடிலும் கேரல் ரவுண்ட்ஸும் எங்கே போனாலும் கூடவே போகும்.

வளைகுடாவில் நம்மவர்களின் பக்கத்து அறையில் தங்கி வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரர்களோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் விடியற்காலைத் திருப்பலி அவர்கள் ஊர் வழக்கம். சிம்பாங் காபி என்பார்கள். வேலைக்குப் போன நாடுகளிலும் அதை நடத்துகிறார்கள், பல இடங்களில் வேலை முடிந்த மாலை நேரத்துக்கு மாற்றிக்கொண்டு. வழிபாட்டைப் பெயர்த்தெடுக்க முடிகிறது, பாட்டும் நட்சத்திர விளக்கும் கூடவே வருகின்றன. ஆனால் ஊரின் காவல் புனிதருக்கான திருவிழா என்றால் அவர்களும் ஊருக்குத்தான் ஓடுகிறார்கள். இப்படி வருகிறவர்களுக்கென்று அந்நாட்டு அரசு 1973-இலேயே சலுகைத் திட்டம் வகுத்தது.

நம் பக்கமும் அப்படியே. கோட்டாற்றுச் சவேரியார் திருவிழா நவம்பர் 24 தொடங்கி டிசம்பர் 3 வரை. கடைசி நாளில் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. தேரும் சப்பரமும் வேறெங்கும் போகாது. மதம் எதுவானாலும், வழிபாடு பெயரும், ஊர்த் திருவிழா பெயராது. அந்தத் திருவிழாவோடு கட்டுண்ட கலைதான் ஆளை ஊருக்கு இழுக்கிறது.

பணம் வருகிறது, காது வரவில்லை

இனி முதலில் சொன்ன இரண்டு கட்சிக்கும் பதில் சொல்லலாம். வெளியே போனவர்களால் கொடை அழியவில்லை. குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரியும் அதற்கு மேல் நன்கொடையும் அவர்களிடமிருந்துதான் வருகின்றன. வாட்ஸ்அப் குழுவில் கணக்குப் போகிறது, யூடியூபில் நேரலை ஓடுகிறது. இந்த அளவில் இரண்டாம் கட்சி சொல்வது சரி.

ஆனால் அந்தப் பணம் எதற்குச் செலவாகிறது என்று பார்த்தால் முதல் கட்சியின் கவலைக்கும் காரணம் தெரியும். வருகிறவர்களுக்கு விடுமுறை கொஞ்ச நாள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து கதை கேட்கும் பழக்கம் விட்டுப்போயிற்று. ஒளியும் ஒலியும் கூடிய நிகழ்ச்சிதான் அவர்கள் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆகவே செண்டைமேளம், மெல்லிசைக் கச்சேரி, வாணவேடிக்கை, அலங்கார வளைவு என்று வரிப்பணம் போகிறது. நையாண்டி மேளத்துக்கு இடம் குறைகிறது. வில்லு இருக்கிறது, இல்லாமல் கொடை நடக்காது. ஆனால் வரத்துப்பாட்டுக்குத் தேவையான நேரம் மட்டும் அதற்கு ஒதுக்கப்படுகிறது. முழுக்கதை பாடத் தெரிந்த அண்ணாவிக்குப் பாதிக்கதை பாடவே வாய்ப்பு. அவரிடம் கற்க வரும் பையனும் அந்தப் பாதியைத்தான் கற்கிறான். ஏட்டிலும் நோட்டுப்புத்தகத்திலும் கதை முழுசாக இருக்கும். பாடும் வாயில் இருக்காது.

மரியாதை இன்னொரு பிரச்சினை. கணியான் கூத்துக்கும் வில்லுக்கும் வரும் கலைஞர்கள் சாமிக்கு முன் முக்கியமானவர்கள். கொடை முடிந்த மறுநாள் அவர்களைச் சாதி பார்த்தே நடத்துகிற ஊர்கள் இன்னும் உண்டு. கலைஞர் வீட்டுப் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வராததற்குக் கூலியைவிட இதுவே பெரிய காரணம். அவர்களும் வளைகுடா விசாவைத்தான் தேடுகிறார்கள்; அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் இல்லை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு முழுக்கதையை ராத்திரி முழுக்கப் பாட வைப்பது. அதைக் கோயில் குடும்பத்தார், கலைஞர் இரு தரப்பின் சம்மதத்தோடு நல்ல கருவியில் பதிவுசெய்து வைப்பது. வரியில் ஒரு சிறு பங்கை, அண்ணாவியிடம் கற்கும் பிள்ளைக்கு மாதப்படியாகக் கொடுப்பது. தோல்பாவைக்குக் கொடையின் முதல்நாள் மாலையில் ஓர் இடம் கொடுப்பது. நாள் இல்லாத கலைக்கு நாள் கொடுத்தால் அதற்கும் வாய்க்கால் திறக்கும்.

இவற்றை எந்த அகாதமியும் வந்து செய்யப்போவதில்லை. கொடைக்கு முன்னால் வரி பேசக் கோயில் முற்றத்தில் கூடும் கூட்டம்தான் முடிவெடுக்கும். மேளம் யாருக்கு, பந்தல் யாருக்கு, வில்லுக்கு எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகிறது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் இன்று அந்தக் கூட்டத்தில் போனில் பேசுகிறார்கள். அவர்கள் சொல்லுக்கு மதிப்பும் இருக்கிறது, பணம் அவர்களுடையது என்பதால். இதுவரை அவர்கள் அதிகம் கேட்டது வாணவேடிக்கை. அடுத்த தடவை "கதை முழுசா பாடுவாரா?" என்று கேட்கட்டும். அண்ணாவி பாடத் தயாராகத்தான் இருக்கிறார்.